5000 வாட் சித்தப்பா

தாம்பரம் பக்கம் புது வீடு கட்டும்போதே சித்தப்பா ஒரு முடிவோடு இருந்தார். ஹால், சமையலறை, பூஜை அறை, மொட்டை மாடி என எங்கே நின்றாலும் பாட்டு கேட்க வேண்டும். சீலிங்கில் ஸ்பீக்கர் பதிக்க ஓட்டை போட்டாயிற்று, ஒயரும் இழுத்தாயிற்று. பாக்கி ஆம்ப்ளிஃபையர்தான். அதற்கு என்னையும் ரிச்சி தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் ஒரு அசெம்பிள்டு செட்டை எடுத்து வைத்தார். முகப்பில் நீல விளக்கு, பொன் நிறத்தில் '5000 வாட்ஸ் பிஎம்பிஓ'. சித்தப்பாவுக்கு அங்கேயே மனசு போய்விட்டது. நான் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஃப்யூஸ் 2 ஆம்பியர். 230 வோல்ட்டை 2 ஆம்பியரால் பெருக்கினால் 460 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான்; அதிலும் ஒரு பகுதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். வெளியே மட்டும் 5000 எப்படி வரும்?

"அது ஆர்எம்எஸ் தம்பி, இது பிஎம்பிஓ" என்றார் கடைக்காரர், ஏதோ இரண்டும் வேறு வேறு மின்வாரியத்தில் இருந்து வருவதுபோல. ஆர்எம்எஸ் என்பது செட் தொடர்ந்து தரக்கூடிய வாட். கண நேர உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் பிஎம்பிஓவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது, மனசுக்குப் பட்டதை அச்சடிக்கலாம். அமெரிக்காவில் 1974-லேயே, வீட்டு ஆம்ப்ளிஃபையரின் வாட் கணக்கை இப்படித்தான் அளந்து சொல்ல வேண்டும் என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி போட்டுவிட்டது. இதைச் சொன்னதும் சித்தப்பா, "நீ அமெரிக்காலயே போய் வாங்கிக்கோ" என்றார். "சேனலுக்கு நிஜமா எவ்வளவுங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஒரு அறுபது வரும்" என்றார். சித்தப்பா அதற்குள் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டில் மாட்டியதும் அழகாகத்தான் பாடியது. வால்யூமைக் கொஞ்சம் திருகியதும் உள்ளே 'டக்'. மொத்த வீடும் ஊமை. அணைத்துப் போட்டால் பாடும். திருகினால் மறுபடி 'டக்'.

"வோல்டேஜ் கம்மி" என்று ஸ்டெபிலைசர் வாங்கினார். 'டக்'. "சூடாகுது" என்று எதிரே டேபிள் ஃபேன் வைத்தார். இப்போது பாட்டைவிட ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது, அதற்கு மேல் 'டக்'. கடைக்குப் போன் அடித்தால், "சார், அது ப்ரொடெக்‌ஷன் சார், நல்லா வேலை செய்யுது" என்று பாராட்டினார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், வாசலில் சீரியல் லைட் கட்ட வந்த மைக் செட்காரர் இந்தக் கூத்தைப் பார்த்தார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 1.7 காட்டியது.

"எல்லாத்தையும் பேரலலா முறுக்கி வச்சிருக்கீங்களே அண்ணே. எட்டு ஓம் ஸ்பீக்கர் நாலு சேர்ந்தா ரெண்டு ஓம். செட்டுக்குப் பின்னாடி நாலு ஓமுக்குக் கீழ போகாதேன்னு எழுதியிருக்கு. ஓம் குறையக் குறைய கரன்ட்டை அள்ளும். அது பயந்துபோய்த்தான் ரிலேவைக் கட் பண்ணுது."

இரண்டிரண்டு ஸ்பீக்கரை சீரிஸில் போட்டு, அந்த ஜோடிகளை பேரலலாக இணைத்தார். கணக்கு மறுபடி எட்டு ஓமுக்கு வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு வேறு கவலை.

"அப்போ 5000 நாலா பிரிஞ்சிடுமா?"

"அறுபது நாலா பிரியும்ணே. ரூமுக்குப் பதினஞ்சு. நீங்க தினம் கேக்குறதுக்கு ரெண்டு வாட்டே தாராளம்."

அவர் போனதும் முழு வால்யூமில் வைத்துப் பார்த்தார் சித்தப்பா. 'டக்' இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை ஹோமம். சித்தப்பாவின் போனிலிருந்து புளூடூத்தில் நாதஸ்வரம் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் சங்கல்பம் சொல்லப் போகிறார், நிறுத்தலாம் என்று போனைக் கையில் எடுத்தவர், குடும்ப குரூப்பில் சகலை அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் பார்த்துவிட்டார். வாழ்த்து என்று நினைத்துத் தட்டிவிட்டார்.

அது சகலை தன் பெண்டாட்டிக்கு அனுப்ப வேண்டியது.

"நாலரை மணிக்கெல்லாம் யாரு எழுந்து வருவா? நான் ஏழரைக்கு டிபனுக்குக் கரெக்டா வந்துடறேன். கவர்ல 501 போதுமா? நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவன் என்ன வச்சான்னு நோட்டைப் பாத்துச் சொல்லு. அப்புறம், சாம்பார் உங்கக்கா வைக்கிறதா, சமையக்காரர் வைக்கிறதா? உங்கக்கான்னா நான் வழியிலயே சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

ஹாலில் கேட்டது, பூஜை அறையில் கேட்டது, மொட்டை மாடியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. சமையலறையில் சித்தியின் தலைக்கு நேர் மேலே கேட்டது. சித்தப்பா பதறி போனைத் தடவ, வால்யூம்தான் ஏறியது. நான் ஆம்ப்ளிஃபையரை நோக்கி ஓடினேன். ஒரு வாரமாகத் தொட்டதற்கெல்லாம் 'டக்' என்றிருந்த செட், அன்றைக்கு ஒரு எழுத்து விடாமல், துளி கரகரப்பு இல்லாமல் முழுதாகச் சொல்லி முடித்தது.

ஏழரைக்குச் சகலை வந்தார். சித்தியே சிரித்தபடி இலை போட்டுப் பொங்கல் வைத்தார். சாம்பார் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றார். அண்டா பின்னாலேயே ஆவி பறந்துகொண்டிருந்தது. சகலையின் மனைவி அவர் காதில் குனிந்து ஏதோ சொன்னார். சாயங்காலம் மொய்க் கவரைப் பிரித்தால் உள்ளே 2001 இருந்தது.