சூட்டு வலியா, பிரசவ வலியா?

தலைப்பிரசவம் என்றால் வீட்டில் ஆளுக்கொரு அடையாளம் சொல்வார்கள். வயிறு இறங்கிவிட்டது என்பார் மாமியார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் குழந்தைக்குத் தலை இடுப்புக்குள் இறங்கிய பிறகும் வலி வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அதை நம்பிப் பையைத் தூக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வலி வரும் ஒழுங்கை.

வலிக்கும்போது வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் புடைத்தால் குழந்தை புரள்கிறது. வயிறு முழுக்க நெற்றியைப் போலக் கெட்டியாகி, பிறகு தளர்ந்தால் கர்ப்பப்பை சுருங்குகிறது. பிரசவ வலி பெரும்பாலும் அடிமுதுகில் தொடங்கி முன்பக்கம் வரும். சிலருக்கு மாதவிடாய் வலி போல அடிவயிற்றிலேயே நிற்கும்.

இனி ஒரு தாளும் கடிகாரமும் போதும். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ணுங்கள். பலர் வலி முடிந்ததிலிருந்து எண்ணிக் கணக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 1.10, 1.22, 1.31, 1.50 என்று தாறுமாறாக இருந்தால் அநேகமாகச் சூட்டு வலி, அதாவது பிரசவத்தில் போய் முடியாத பொய் வலி. 2.05, 2.13, 2.20, 2.26, 2.31 என்று நெருங்கிக்கொண்டே வந்து, ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீண்டு, பேச்சை நிறுத்த வைத்தால் அது பிரசவ வலி.

சந்தேகமாக இருந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடப்பக்கம் ஒருக்களித்து ஒரு மணி நேரம் படுங்கள். சீரகத் தண்ணீர் குடித்தால் சூட்டு வலி அடங்கும் என்பார்கள். பெருமை சீரகத்துக்கா, தண்ணீருக்கா என்றால் தண்ணீருக்குத்தான். உடலில் நீர் குறைந்தாலும் மூத்திரப்பை நிறைந்தாலும் கர்ப்பப்பை சுருங்கும். உண்மையான வலி எதைக் குடித்தாலும் நிற்காது. வலியை வரவழைக்க விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். பேதியாகி, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும்.

கோழை போலக் கெட்டியாக, ரத்தக் கோடு ஓடிய கசிவு தெரிந்தால் கர்ப்பப்பை வாய் இளகத் தொடங்கியிருக்கிறது. அதன்பின் வலி சில மணி நேரத்திலும் வரலாம், சில நாள் கழித்தும் வரலாம். டாக்டர் உள்பரிசோதனை செய்த மறுநாள் லேசாகப் பழுப்பாகத் தெரிவது வேறு. சிவப்பாக ரத்தம் வழிந்தால் அது அடையாளம் இல்லை, ஆபத்து.

பனிக்குடம் சினிமாவில் வருவதுபோல் குபுக்கென்று உடைய வேண்டியதில்லை, சொட்டுச் சொட்டாகவும் கசியும். சிறுநீரா என்று சந்தேகம் வந்தால் நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுத்து எழுந்திருங்கள். எழும்போது மறுபடி கொட்டினால், மூத்திர வாடை இல்லாவிட்டால், பனிக்குட நீர்தான். மணியைக் குறித்துக்கொண்டு, வலி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள்; ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

37 வாரம் முடியாமல் ஒழுங்காக வலி வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், கடும் தலைவலியோடு பார்வை மங்கினால், தாளும் கணக்கும் தேவையில்லை. 108-ஐ அழையுங்கள். பிரசவம் நெருங்கினால் குழந்தை அசையாது என்பது தவறு.

மற்றபடி, 5 நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் புறப்படலாம். ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ, முன்பே சிக்கல் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலோ இதற்கும் முன்னதாக. அதுவரை இட்லியோ கஞ்சியோ கொஞ்சம் சாப்பிட்டு, நடந்துகொண்டிருங்கள். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் மூன்றும் ஒரே கவரில் இருக்கட்டும். போன பிறகு, "வாய் ரெண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கு, வீட்டுக்குப் போயிட்டு வாம்மா" என்று நர்ஸ் சொல்லலாம். 5 சென்டிமீட்டர் வரையிலான அந்தப் பகுதிதான் தலைப்பிரசவத்தில் இழுத்தடிக்கும். வெட்கப்படாமல் திரும்பி வந்து, மறுபடி போகலாம்.