ஆய்வு நிதியும் சொந்தப் பங்கும்: நலன் முரண் குழுவின் முன்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவ ஆய்வுக்கூடம் நடத்தி வருகிறேன். அரசு நிதியில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ளலாம் என்று 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் தந்த வழிவகையால், எங்கள் மருந்துக் கண்டுபிடிப்பின் காப்புரிமை பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. அதற்கு உரிமம் பெற்ற சிறு நிறுவனத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதே ஆய்வைத் தொடரத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்.ஐ.எச்.) நிதியைக் கோரியபோது, சொந்த ஆதாயம் ஆய்வின் நேர்மையைப் பாதிக்குமா என்று பார்க்கும் பல்கலைக்கழகத்தின் நலன் முரண் குழு என் விவரங்களைப் பரிசீலித்தது.

நிதி ஆதாயங்களைத் தெரிவிக்கும் படிவத்தை நிதானமாக நிரப்ப வேண்டும். 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகளில், எவ்வளவுக்கு மேற்பட்ட ஆதாயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற வரம்பு 10,000 டாலரிலிருந்து 5,000 டாலராகக் குறைந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால் அந்த வரம்பும் உதவாது. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் தெரிவித்தாக வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உரையாற்ற அழைத்துத் தந்த விமானக் கட்டணத்தையும் எழுதினேன். அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு உள்ள விலக்கு வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. புதிதாக ஏதேனும் ஆதாயம் சேர்ந்தால் 30 நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும்.

குழுவின் கூட்டத்தில் பங்கின் மதிப்பைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்தது. அதன்பின் உறுப்பினர் ஒருவர், "மருந்து பலன் தரவில்லை என்று உங்கள் முனைவர் பட்ட மாணவி கண்டால், அதை யாரிடம் சொல்வார்?" என்று கேட்டார். பட்டமும் பரிந்துரைக் கடிதமும் என் கையில் இருக்கையில், எனக்கு நட்டம் தரும் முடிவை என்னிடமே சொல்ல அவர் தயங்கக்கூடும் என்பதே அக்கேள்வியின் உட்பொருள். 1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைச் சோதனையில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்ததையும், அச்சோதனைக்குத் தலைமை வகித்தவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தொடர்புடைய நிறுவனத்தில் பங்கு இருந்ததையும் அறிந்த எவரும் இக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ள மாட்டார்கள்.

ஆகவே இந்த நலன் முரணைக் கட்டுக்குள் வைக்க வகுக்கப்பட்ட மேலாண்மைத் திட்டத்தில் நான் பெரிதும் மதிப்பது மாணவிக்கான ஏற்பாட்டையே. நிறுவனத்தோடு தொடர்பில்லாத பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு பருவத்திலும் அவரைத் தனியே சந்திக்கிறார். நிறுவனத்தின் வேலை எதையும் மாணவியிடம் ஒப்படைக்க எனக்கு அனுமதி இல்லை. மாதிரிகளின் குப்பிகளில் மருந்தின் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல் புள்ளியியலாளரிடம் உள்ளது. கட்டுரைகளிலும் உரைகளிலும் என் பங்கை அறிவிக்கிறேன்.

இத்திட்டத்தைப் பற்றிய அறிக்கையைப் பல்கலைக்கழகம் என்.ஐ.எச்.சுக்கு அனுப்பிய பின்னரே மானியப் பணத்தைச் செலவிட முடிந்தது. ஆண்டுதோறும் நிலை அறிக்கையும் செல்கிறது. அண்மையில், பாதகமான முடிவு ஒன்றைக் கொண்ட கட்டுரையை வெளியீட்டுக்கு முன் பார்க்க வேண்டுமென நிறுவனம் கேட்டது. திட்டம் அதற்கு இடம் தரவில்லை என்று எழுதி அனுப்பினேன். மாணவியின் பெயரை முதலில் தாங்கிய அக்கட்டுரை, ஒரு சொல்லும் மாறாமல் ஆய்விதழுக்குச் சென்றது.