பழைய கணக்குச் செயலியைப் புதிய போனில் ஏற்றிய அனுபவம்

கடையின் கடன் பாக்கிகளை நான் பல ஆண்டுகளாகக் குறித்துவரும் கணக்குச் செயலியை, அதை உருவாக்கியவர் எப்போதோ கைவிட்டுவிட்டார். பிளே ஸ்டோரிலும் அது இப்போது இல்லை. அதன் ஏபிகே என்னும் நிறுவல் கோப்பையும் கணக்குகளின் காப்பு நகலையும் ஆண்ட்ராய்டு 14 உள்ள புதிய போனுக்கு மாற்றியதுவரை தடங்கல் எதுவும் இல்லை. ஆனால் தெரியாத செயலிகளை நிறுவுவதற்கான அனுமதியைக் கொடுத்த பிறகும், கோப்பைத் தொட்டால் இது பொருந்தாது என்ற ஒற்றை வரிதான் வந்தது. எதனால் என்ற விளக்கமும் இல்லை, பரவாயில்லை நிறுவு என்று சொல்ல ஒரு பொத்தானும் இல்லை.

போன் நிறுவனத்தின் சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தது வீண். முகப்பில் இருந்தவர் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஸ்டோர்ல இல்லாத ஆப்புக்கு நாங்க பொறுப்பில்ல சார், வேணும்னா ரீசெட் பண்ணித் தரேன்" என்றார். ரீசெட் செய்தால் போனில் உள்ளவை அழியுமே தவிர இந்தத் தடை நீங்காது, யாரும் சம்மதித்துவிடாதீர்கள்.

கேமராவையோ தொடர்புப் பட்டியலையோ தொடும்போது செயலி நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும் என்ற முறை, 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கென எழுதப்பட்ட செயலிகள் அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடலாம் என்பதைத் தீய மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்திக்கொண்டதால், ஆண்ட்ராய்டு 14இல் கூகுள் அத்தகையவற்றை மொத்தமாக அடைத்தது. காரணம் நியாயமானதே. ஆயினும் எச்சரித்துவிட்டு முடிவைப் போனுக்குக் காசு கொடுத்தவரிடம் விடாமல், கணினி வைத்திருப்பவருக்கு மட்டும் பின்வாசலைத் திறந்துவைத்திருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த வாசல் ஏடிபி, அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியே போனுக்குக் கட்டளையிடும் கருவி. போனின் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸை வரவழைத்து, கணினியின் கட்டளைகளைப் போன் ஏற்கவைக்கும் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கிக்கொள்ளுங்கள். சில கேபிள்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும் என்பதால், கணினிக்குப் போன் தெரியவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். வெறும் இன்ஸ்டால் கட்டளைக்கு, குறைந்தது எஸ்டிகே 23 வேண்டும், இதில் இருப்பது 19 என்று பதில் வந்தது. செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கென எழுதப்பட்டது என்பதைக் காட்டும் எண் அது, 23 என்றால் ஆண்ட்ராய்டு 6. காரணத்தையாவது சொன்னதே என்றிருந்தது. இன்ஸ்டால் என்பதற்குப் பின் இரண்டு சிறு கோடுகளிட்டு, பைபாஸ்-லோ-டார்கெட்-எஸ்டிகே-பிளாக் என்று சேர்த்ததும் சக்ஸஸ்! காப்பு நகலை ஏற்றியபோது பாக்கிகள் அத்தனையும் பெயர் வாரியாக வந்து நின்றன.

2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த திட்டம் இதைவிட இறுக்கமானது. அடையாளத்தைப் பதிவு செய்யாதவர்களின் செயலிகளை வழக்கமான முறையில் நிறுவுவதற்கான கட்டுப்பாடு, 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடங்கி, 2027 முதல் பிற நாடுகளுக்கும் விரியும் என்றது அந்த அறிவிப்பு. எதிர்ப்பு எழுந்த பிறகு, அனுபவமுள்ளவர்கள் எச்சரிக்கைகளைக் கடந்து நிறுவ ஒரு வழி தருவதாகக் கூறியிருக்கிறார்கள், ஏடிபியும் தொடருமாம். செயலியைக் கைவிட்டுப் போனவர் எங்கிருந்து வந்து பதிவு செய்வார்?

இன்னொன்று, யூஎஸ்பி டீபக்கிங் இயங்கும்வரை என் வங்கிச் செயலி திறக்கவே மறுத்தது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிட்டால் போதும். நிறுவிய செயலிக்கு ஒன்றும் ஆகாது. நான் கணக்குகளை எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிவைத்துவிட்டேன்.