பாவித்த லீஃப் வாங்குகிறீர்களா? பற்றரியை அளந்து வாங்குங்கள்

2014, 2015 காலத்தில் வரி குறைவாக இருந்தபோது யப்பானிலிருந்து இலங்கைக்கு வந்து இறங்கிய நிசான் லீஃப் மின்சாரக் கார்கள் இன்னும் தெருவில் ஓடுகின்றன, கை மாறிக்கொண்டும் இருக்கின்றன. மோட்டரில் பழுது வருவது அரிது. எஞ்சின் ஒயில், கிளட்ச், சைலன்சர் எதுவும் இல்லை. தேய்கிற பெரிய பொருள் ஒன்றே ஒன்று, தரைக்கு அடியில் கிடக்கிற பற்றரி. அப்படியிருந்தும் விலை பேசுகிறவர்கள் உற்பத்தி வருடத்தையும் ஓடிய கிலோமீற்றரையும்தான் கேட்கிறார்கள். அந்தப் பற்றரியில் இன்றைக்கு எத்தனை யூனிட் பிடிக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. மின்சாரப் பில்லில் வருகிற அதே யூனிட்தான், ஒரு கிலோவாற் மணி.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 24 யூனிட் பற்றரிக்குள் 48 மொடியூல்கள். ஒவ்வொன்றும் தட்டையான தகரப் பெட்டி, எடை 3.8 கிலோ. ஒரு பெட்டிக்குள் பை வடிவில் நான்கு செல்கள், இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்ந்து, அந்த இரண்டு சோடிகளும் தொடராக இணைந்திருக்கும். மொத்தம் 192 செல், 96 சோடி. ஒரு சோடி 3.75 வோல்ற் என்றால் முழுப் பற்றரியும் 360 வோல்ற். ஒரு மொடியூல் புதிதாக இருக்கும்போது 7.5 வோல்ற், ஏறத்தாழ 66 அம்பியர் மணி, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ அரை யூனிட். இந்த அரை யூனிட் கணக்கை மனதில் வைத்திருங்கள், பின்னால் காசு மிச்சம் பிடிப்பது இதில்தான்.

டாஷ்போர்டில் வலது ஓரத்தில் 12 சின்னக் கோடுகள் தெரியும். அவை சார்ஜைக் காட்டுபவை அல்ல, பற்றரியின் கொள்ளளவைக் காட்டுபவை. பன்னிரண்டு கோடும் சம அளவானவை என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். முதல் கோடு விழுவதற்கே கொள்ளளவில் 15 வீதம் போயிருக்க வேண்டும். அதன்பிறகு 6.25 வீதத்துக்கு ஒரு கோடு. ஆகவே 9 கோடு என்றால் பற்றரி 72.5 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, 8 கோடு என்றால் 66.25க்கும் கீழே. "பன்னிரண்டில் எட்டு இருக்கிறது, மூன்றில் இரண்டு பங்கு நல்லாத்தான் இருக்கு" என்று விற்பவர் சொன்னால், அது மூன்றில் இரண்டுக்கும் 60 வீதத்துக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

இன்னும் மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. பற்றரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற கட்டுப்பாட்டுப் பலகையை ஸ்கேனர் கொண்டு ரீசெற் பண்ணலாம். பற்றரி மாற்றியவர்களுக்காக வைத்த வசதி அது. அதைச் செய்தால் தேய்ந்த பற்றரியும் பன்னிரண்டு கோட்டையும் காட்டும். சில வாரம் ஓடியபிறகு கோடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும், அதற்குள் கார் உங்கள் பெயருக்கு வந்திருக்கும். பழைய காரில் பன்னிரண்டு கோடும் பளிச்சென்று நின்றால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

ரீசெற்றால் மறைக்க முடியாத சோதனை ஓட்டிப் பார்ப்பதுதான். காரை 100 வீதம் சார்ஜ் பண்ணி எடுங்கள். கிலோமீற்றர் மீற்றரையும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று காட்டும் சராசரியையும் பூச்சியமாக்குங்கள். வழமைபோல ஓட்டி 20 வீதத்தில் நிறுத்துங்கள். 68 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, சராசரி யூனிட்டுக்கு 6.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவானது 10 யூனிட். அது 80 வீதத்துக்கு உரியது, முழுவதற்கும் 12.5 யூனிட். புதிய 24 யூனிட் பற்றரியில் உண்மையில் பாவிக்கக் கிடைப்பது ஏறக்குறைய 21. ஆகவே இந்தக் கார் 60 வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கோடு என்ன காட்டினாலும். இப்படிச் சுற்றி ஓட விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

அதே ஓட்டத்தில் கைத்தொலைபேசியில், லீஃபின் பற்றரி விவரங்களைக் காட்டும் லீஃப்ஸ்பை செயலியையும் போட்டுப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி என்ற, ஸ்கேனர் செருகும் துவாரத்தில் ஒரு சிறு புளூடூத் அடாப்டர் செருகினால் போதும். எஸ்ஓஎச் என்ற எண் கொள்ளளவு வீதம். ஏஎச்ஆர் அம்பியர் மணி, புதிதில் 65 அளவில் இருக்கும். வேகச் சார்ஜ் எத்தனை தடவை, வீட்டுச் சார்ஜ் எத்தனை தடவை என்பதும் அதில் பதிவாகியிருக்கும். ஆனால் நான் முதலில் திறக்கச் சொல்வது 96 செல் சோடிகளின் வோல்ற்றைக் கம்பி கம்பியாகக் காட்டும் பக்கத்தை. அதில் சில கம்பிகள் சிவப்பாகத் தெரியும். சிவப்பைப் பார்த்துப் பயந்து காரை வேண்டாம் என்று விட்டவர்கள் உண்டு. பழுதுக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை. அந்தச் சோடியில் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு மற்றவற்றோடு சமப்படுத்துகிறது என்பதுதான் அதன் பொருள். பார்க்க வேண்டியது உயரம். மிக உயர்ந்த சோடிக்கும் மிகத் தாழ்ந்ததுக்கும் இடையில் எத்தனை மில்லிவோல்ற்?

அதை முழுச் சார்ஜில் பார்ப்பதில் பயனில்லை. நிறைந்திருக்கும்போது நோஞ்சான் செல்லும் மற்றவற்றோடு சமமாகவே நிற்கும். சார்ஜ் 30 வீதத்துக்குக் கீழே வந்தபிறகு, ஏற்றத்திலோ வேகமெடுக்கும்போதோ பாருங்கள். நல்ல பற்றரியில் வித்தியாசம் சில பத்து மில்லிவோல்ற்றுக்குள் அடங்கும். ஒரே ஒரு சோடி மட்டும் 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் கீழே விழுந்தால் அது நலிந்த செல். அப்படிப்பட்ட காரில் 25 வீதம் காட்டிக்கொண்டிருந்த சார்ஜ் ஏற்றத்தில் திடீரென்று ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், ஆமைச் சின்னம் வந்து வேகம் குறையும். 96 சோடியும் தொடராக இருப்பதால், மிக நலிந்தது எப்போது காலியாகிறதோ அப்போதே முழுப் பற்றரியும் காலி என்று பிஎம்எஸ் முடிவெடுக்கிறது. மற்ற 95லும் மின்சாரம் கிடந்தும் பயனில்லை.

இங்கேதான் கராஜ்களில் அநியாயம் நடக்கிறது. "பற்றரி போய்விட்டது, முழுசா மாற்ற வேண்டும்" என்று சொல்லும்போது பல தடவை போயிருப்பது 48இல் ஒரு மொடியூல், அரை யூனிட். (அதற்கும் முன்னர் முன்பக்கம் இருக்கும் சாதாரண 12 வோல்ற் பற்றரியைப் பாருங்கள். அது நலிந்தால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரியும், கார் ரெடி ஆகாது. இரவு முழுக்க நின்ற காரில் 12.2 வோல்ற்றுக்குக் குறைவாகக் காட்டினால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.)

மொடியூல் மாற்றுவது வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை இல்லை. 360 வோல்ற் நேர்மின்சாரம் பிடித்தால் ஆளை விடாது. நல்ல கராஜில் வேலை இப்படி நடக்கும், நீங்கள் பக்கத்தில் நின்று கவனியுங்கள். காரை நிறுத்தி 12 வோல்ற் பற்றரியின் மைனஸைக் கழற்றுவார்கள். பின்சீற்றுக்கு முன்னால் தரையில் உள்ள மூடியைத் திறந்து, பற்றரியின் உயர் வோல்ற் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்து எடுத்து, வேலை செய்பவர் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார். பிறகு பத்து நிமிடம் காத்திருப்பு, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கு. 1000 வோல்ற் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் தொடுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். ஏறத்தாழ 290 கிலோ எடையுள்ள பற்றரியைத் தூக்கு மேசையில் இறக்கி, சுற்றியுள்ள போல்ட்களைக் கழற்றி, பசை போட்டு ஒட்டிய மேல்மூடியை மெல்ல நெம்பி எடுப்பார்கள். பின்பக்கம் 24 மொடியூல் நிமிர்ந்து அடுக்கப்பட்டிருக்கும், மற்ற 24 முன்பக்கம் படுத்திருக்கும்.

பெரும்பாலான பிழைகள் இதற்குப் பிறகுதான். போடுகிற மொடியூலின் கொள்ளளவு மற்றவற்றுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். மற்றவை 42 அம்பியர் மணியில் நிற்க, 55 உள்ளதைக் கூடுதல் விலை கொடுத்துப் போடுவதால் ஒரு கிலோமீற்றரும் கூடாது. 38 உள்ளதைப் போட்டால் அதுவே புதிய நலிந்த செல். கொள்ளளவைச் சொல்லக் கேட்டு நம்பாமல், முழுதாக ஏற்றி முழுதாக இறக்கி அளந்த எண்ணைக் கேளுங்கள். வோல்ற்மீற்றர் வைத்து "8 வோல்ற் இருக்கு, நல்ல சாமான்" என்பது கொள்ளளவைப் பற்றி எதுவும் சொல்லாது. இணைப்பதற்கு முன் புதியதும் பழையவையும் சில மில்லிவோல்ற்றுக்குள் சமமாக இருக்க வேண்டும். பிஎம்எஸ் சமப்படுத்துவது மிக மெதுவாக, பெரிய இடைவெளியை அது மாதக்கணக்கிலும் சரிசெய்யாது. செம்புப் பட்டைகளை முறுக்குத் திறப்பு வைத்து, சேர்விஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்ந்தால் அந்த இடம் சூடேறும், ஓட்டத்தில் வோல்ற் விழும், நல்ல செல் கெட்டதுபோலத் தெரியும். மூடியின் பசையை முழுச் சுற்றுக்கும் புதிதாகப் போடாமல் மூடினால் மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே போகும்.

எல்லாச் சோடியும் ஒரேயளவு தேய்ந்து 55 வீதத்தில் நிற்கிற காருக்கு இது மருந்தில்லை. அங்கே முழுப் பற்றரிதான். நிசான் 2014இல் அமெரிக்காவில் புதிய 24 யூனிட் பற்றரிக்கு வைத்த விலை, பழையதைத் திருப்பிக் கொடுத்தால், 5,499 டொலர். 2018இல் யப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்து நமியே என்ற ஊரில் நிசானும் சுமித்தொமோவும் சேர்ந்து நடத்தும் 4ஆர் எனர்ஜி, பழைய மொடியூல்களைத் தரம் பிரித்து மீளக் கட்டிய பற்றரியை 3 லட்சம் யென்னுக்குக் கொடுத்தது. அப்போது புதியது 6.5 லட்சம் யென். எரிசக்திச் சந்தையை ஆராயும் புளூம்பேர்க்என்இஎஃப் நிறுவனத்தின் கணக்கில் 2024இல் லித்தியம் பற்றரியின் உலகச் சராசரி யூனிட்டுக்கு 115 டொலர். 24ஆல் பெருக்கினால் 2,760 டொலர்தானே, ஏன் எங்களுக்கு அந்த விலையில் கிடைப்பதில்லை? அது கார் கம்பனிகள் மொத்தமாக வாங்கும் விலை. லீஃபின் பெட்டி வேறு எந்தக் காருக்கும் பொருந்தாது, இன்று அதைச் செய்வது சிறு எண்ணிக்கையில். கப்பலில் ஒன்பதாம் வகை அபாயப் பொருளாக வர வேண்டும், அதற்குமேல் வரி.

ஆகவே பாவித்த பற்றரிகளை ஒப்பிடும்போது யூனிட்டால் மட்டும் வகுக்காதீர்கள், கழிவதற்கு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு 8 யூனிட் கட்டாயம் வேண்டும் என்று வைப்போம். 18 யூனிட் பிடிக்கும் பற்றரியில் தேய்வதற்கு 10 யூனிட் இருக்கிறது. 13 பிடிப்பதில் 5தான். முதலாவது ஒன்றரை மடங்கு விலை என்றாலும் அதுவே மலிவு, ஏனென்றால் அது இரண்டு மடங்கு காலம் உங்களுக்கு உழைக்கும்.

தேய்வு எங்கிருந்து வருகிறது? லீஃபில் பெரும்பங்கு வெப்பத்திலிருந்து. தண்ணீர்க் குளிரூட்டலும் இல்லை, காற்றாடியும் இல்லை. மூடிய இரும்புப் பெட்டி தன்பாட்டில் ஆறினால்தான் உண்டு. சூட்டில் மங்கனீசு கரைந்து எதிர்மின்வாயில் போய்ப் படியும், அங்குள்ள படலம் தடிக்கும், ஓடித் திரிய வேண்டிய லித்தியம் அதில் சிறைப்படும். கார் ஓடாமல் வெயிலில் நின்றாலும் இது நடக்கும். 2012 கோடையில் அரிசோனாவில் கோடுகள் விழுந்து பெரிய பிரச்சினையானபிறகே, ஐந்து வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கோட்டுக்குக் கீழே போனால் திருத்தித் தருவோம் என்று நிசான் உத்தரவாதம் கொடுத்தது. 2015 மாதிரி வருடத்திலிருந்து வெப்பம் தாங்கும் வேறு இரசாயனக் கலவை. இரண்டும் 24 யூனிட்தான், வெளியே பார்த்தால் ஒன்றுதான். ஆனால் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு 2012 காரும் 2015 காரும் ஒன்றல்ல.

வீடு வந்து சேர்ந்த உடனே பிளக்கைச் செருகாதீர்கள். அத்தனை கிலோ எடை ஆற இரவு பாதி வேண்டும். டைமரில் விடியப்புறம் சார்ஜ் முடியும்படி வையுங்கள், அன்றாடம் 80 வீதம் போதும். தூரப் பயணத்தில் ஒரு சாடெமோ (லீஃபுக்கான யப்பானிய முறை) வேகச் சார்ஜ் பரவாயில்லை, நடுமதியத்தில் அடுத்தடுத்து மூன்று வேண்டாம், வெப்பக் கோடு சிவப்பை நெருங்கும். மாதம் ஒருமுறை 100க்கு ஏற்றினால் செல்கள் சமப்படும். நுவரெலியாவில் இருப்பவர்களுக்குக் குளிர் பெரிய வரம், ஆனால் முழுச் சார்ஜோடு இறக்கத்தில் கிளம்பினால் பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது.

கழற்றிய பழைய பற்றரியைக் கராஜில் சும்மா விட்டு வராதீர்கள். ஏழு மொடியூல்களைத் தொடராக இணைத்தால் 14 சோடி (ஒரு சோடியை ஒரு செல்லாகக் கணக்கிட்டால் 14 செல்), 52.5 வோல்ற், வீட்டு சோலர் இன்வேர்ட்டருக்குப் பொருந்தும். 60 வீதத்தில் நின்றாலும் இரண்டு யூனிட் தரும், நாற்பத்தெட்டில் அப்படி ஆறு கட்டு வரும். பைச் செல்கள் உப்பாமலிருக்க இரு பக்கமும் தகடு வைத்து இறுக்கிக் கட்டுங்கள், 14 செல்லுக்கான பிஎம்எஸ் கட்டாயம். ஒவ்வொரு மொடியூலிலும் இரண்டு சோடிக்கும் இடையிலான நடு முனை வெளியே இருப்பதால் பிஎம்எஸுக்கு வயர் இழுப்பது சுலபம். இன்வேர்ட்டரில் சார்ஜ் உச்சத்தை 57.4 வோல்ற்றில் நிறுத்துங்கள், செல்லுக்கு 4.1. ஈய அமில பற்றரிக்கான, கூடுதல் வோல்ற் ஏற்றிச் சமப்படுத்தும் ஈக்குவலைஸ் முறையை முற்றாக அணைத்துவிடுங்கள், அது 60ஐத் தொட்டால் ஒவ்வொரு செல்லிலும் 4.29 வோல்ற் ஏறும், அந்தச் செல்லின் எல்லை 4.2.