அறிவுரையைவிட அறிமுகம்

ஒரே துறையில், ஏறத்தாழ ஒரே மதிப்பெண்ணுடன் படித்து முடிக்கும் இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு இறுதியாண்டிலேயே பணி நியமனக் கடிதம் வந்துவிடுகிறது. மற்றவர் பட்டம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னும் தன் படிப்புக்குத் தொடர்பில்லாத வேலையில் இருக்கிறார். நேர்முகத் தேர்வுக் குழுக்களில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையிலும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்ற மாணவர்கள் சிலருக்கு வழிகாட்டியாக இருப்பவன் என்ற முறையிலும், இந்த இடைவெளியைத் திறமைக் குறைவு என்று விளக்கிவிடுவதை நான் ஏற்பதில்லை. விடுமுறைக்காலப் பயிற்சிப் பணிக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்ல முதலாமவரின் வீட்டில் ஒருவர் இருந்தார். இரண்டாமவருக்கு அது தெரியவந்தபோது கடைசித் தேதி கடந்திருந்தது.

இத்தகைய மாணவர்களுக்கான உதவித் திட்டங்கள் பலவும் தன்னம்பிக்கை உரைகளையும், தன்விவரக் குறிப்பு எழுதக் கற்றுத்தரும் பயிலரங்குகளையுமே பெரிதும் நம்பியிருக்கின்றன. அவை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உதவித்தொகை விண்ணப்பங்களை யாருடைய துணையுமின்றி நிரப்பி, பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டே தேர்வெழுதி வந்த ஒருவருக்கு எதிரே நின்று விடாமுயற்சியைப் பற்றி உரையாற்றுவது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. தான் நுழைய விரும்பும் தொழிலில் ஏற்கெனவே இருக்கும் சிலருடைய பழக்கமே அவருக்கு இல்லாதது. அதை உரையால் கொடுத்துவிட முடியாது.

வேலை தேடுவதில் பழக்கத்துக்குள்ள பங்கைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் புதிய வேலைக்கு மாறிய அமெரிக்கர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பதாக 55.6 விழுக்காட்டினரும், மிக அரிதாகச் சந்திப்பதாக 27.8 விழுக்காட்டினரும் கூறினர். காரணம் எளிது: நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதிய செய்தி நமது வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்துதான் வரும். தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் ஏறத்தாழ 2 கோடிப் பயனர்களை வைத்து நடத்தப்பட்டு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும், நெருக்கம் ஓரளவு குறைவான தொடர்புகளே வேலை மாறுவதற்கு அதிகம் உதவுகின்றன என்று கண்டது.

அதே ஆண்டு பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 7 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு வசதியானவர்களின் நட்பு கிடைக்கக்கூடிய பகுதியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் வளர்ந்தால், பிற்காலத்தில் அவர்களுடைய வருமானம் சராசரியாக 20 விழுக்காடு உயரும் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்த ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. இரு தரப்பினரும் ஒரே இடத்தில் இருந்தாலும் நட்பு தானாக முளைப்பதில்லை. இருவருக்கும் இடையிலான விலகலில் ஏறத்தாழப் பாதி, அருகருகே இருந்தும் பழகாமல் இருப்பதால் வருவது. ஒரு கல்லூரி தன் வளாகத்துக்குள் ஏழை மாணவர்களைச் சேர்த்துக்கொண்டதோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணுவதற்கு இதன் பிறகு இடமில்லை.

அறிமுகம் செய்துவைப்பதிலும் செய்முறை உண்டு. “தேவைப்பட்டால் இவரைத் தொடர்புகொள்” என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பெரும்பாலான மாணவர்கள் அழைக்கவே மாட்டார்கள். முன்பின் தெரியாத, பெரிய பதவியில் உள்ள ஒருவரின் நேரத்தைக் கேட்பது அவர்களுக்கு இரந்து நிற்பதுபோலவோ, பின்வாசல் வழியாக நுழைவதுபோலவோ தோன்றுகிறது. ஆகவே கடிதத்தை நானே எழுதுகிறேன்: மாணவர் யார், எதைச் செய்து முடித்திருக்கிறார், உங்களிடமிருந்து அறிய விரும்புவது என்ன, அதற்கு இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா என்று. வேலை கேட்கவில்லை என்பதையும் அதிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாணவரிடம், அந்தத் தொழிலில் முதல் ஆண்டில் ஒருவர் நாள்தோறும் செய்யும் வேலை என்ன, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் எதைப் பார்க்கிறார்கள், அடுத்து நான் யாரிடம் பேச வேண்டும் என்ற மூன்று கேள்விகளையாவது கேட்டு வரச் சொல்கிறேன். மூன்றாவது கேள்விதான் வட்டத்தை விரிக்கிறது. உரையாடல் முடிந்த மறுநாள் நன்றி தெரிவித்து நான்கு வரி எழுத வேண்டும். சில மாதங்கள் கழித்து, சொன்னதை வைத்து என்ன செய்தேன் என்றும் ஒரு வரி எழுத வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் என்னைத் திரும்பத் திரும்ப வருத்துவது ஒன்று. கடையில் பணப்பெட்டியைக் கையாண்டது, இரவு நேரத்தில் கிடங்கில் சரக்கு எண்ணியது, வீட்டில் தம்பி தங்கைகளின் படிப்பையும் மருத்துவச் செலவையும் நிர்வகித்தது ஆகியவற்றை இந்த மாணவர்கள் எழுதுவதில்லை. அவை படித்தவர்களுக்கு உரிய வேலைகள் அல்ல என்ற எண்ணம். பொதுப்படையான ஒரு குழுச் செயல்திட்டத்தை மட்டும் எழுதிவிட்டு, வாரத்துக்கு இருபது மணிநேரம் பொறுப்பாக உழைத்ததை மறைத்துவிடுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணத்தைக் கணக்குப் பிசகாமல் ஒப்படைத்தவர் என்ற ஒரு வரி எனக்குப் பல சான்றிதழ்களைவிட அதிகம் சொல்லும். சமூக உளவியலாளர் நிக்கோல் ஸ்டீபன்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. மூத்த மாணவர்கள், தங்கள் குடும்பப் பின்னணி கல்லூரி வாழ்வை எப்படிப் பாதித்தது என்று வெளிப்படையாகப் பேசியதைக் கேட்ட முதல் தலைமுறை மாணவர்கள், பேராசிரியர்களிடமும் பிறரிடமும் உதவி கேட்கக் கூடுதலாக முன்வந்தார்கள். முதலாண்டு மதிப்பெண்களில் அவர்களுக்கும் படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இருந்த இடைவெளி 63 விழுக்காடு சுருங்கியது.

ஆனால் எந்த அறிமுகமும் ஊதியமில்லாப் பயிற்சிப் பணியை ஏழை மாணவரால் ஏற்கக்கூடியதாக ஆக்கிவிடாது. அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் பயிற்சிப் பணியாளர்களுக்கு 2022இல்தான் ஊதியம் தரத் தொடங்கியது. ஊதியம் இருந்தும் பயணச் செலவையும் தங்கும் செலவையும் முதலில் கைப்பணத்திலிருந்து கொடுத்துப் பின்னர் ரசீது காட்டிப் பெறச் சொல்லும் நிறுவனங்கள், தாங்கள் யாரை வடிகட்டுகிறோம் என்று யோசிப்பதில்லை.

வேலை கிடைத்த பின்னும் இதே சிக்கல் வருகிறது. முதல் சம்பளம் மாத இறுதியில். அறைக்கு முன்பணம் மாதத் தொடக்கத்தில். வீட்டிலிருந்தும் அதே வாரத்தில் எதிர்பார்ப்பு தொடங்கிவிடும். சேரும்போது முன்பணம் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் கேட்டால்தான் தருவார்கள், இந்த மாணவர்களோ கேட்க மாட்டார்கள். அதனால் நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் மனிதவளத் துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவற்றை நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறோம்: சம்பளம் எந்தத் தேதியில் வரும், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு கிடைக்கும், இடம் மாறும் செலவுக்கு முன்கூட்டியே பணம் உண்டா.