வீட்டுக்குக் கடிதம் வருமா?

அந்த ஐயாவின் மகன் தொலைபேசியில் கொஞ்சம் சூடாகத்தான் கதைத்தார். ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "அப்பா தூக்கத்துக்கான வகுப்பு என்று சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறார். தூக்கத்துக்கு எதற்கு மனநலப் பணியாளர்?" நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: அவர் இங்கே வருகிறாரா இல்லையா என்பதைக்கூட அவருடைய சம்மதம் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது, அவரிடமே கேளுங்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2004இலிருந்து சட்டம் அப்படி. மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாங்கள் என்ன அவருக்கு எதிரிகளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

(ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்த வேலை செய்பவர்களுக்கு இந்தக் கதையின் முன்பாதி தெரியும். குடும்ப வைத்தியர் அனுப்பிய கடிதத்தில் தூக்கமில்லை, வயிற்றெரிச்சல், எடை குறைகிறது, பரிசோதனைகளில் ஒன்றுமில்லை என்று இருக்கும். ஐயா சீனாவின் தெற்கே தைஷான் பக்கத்தவர், மனைவி இல்லை, மகன் ஸ்பொன்சர் செய்து வந்தவர், பேத்தியை வளர்த்ததே அவர்தான். மொழிபெயர்க்க மருமகள் வந்திருந்தார். மருமகள் அறையில் இருந்தவரை வயிறு, தூக்கம், மறுபடியும் வயிறு. அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தேன். கிடைத்தவர் கன்டனீஸ்காரர், ஐயாவின் தைஷான் பேச்சு அவருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை, அதனால் ஒவ்வொன்றும் இரண்டு தரம் போய் வந்தது. மனச்சோர்வை அளக்க எல்லோரும் பாவிக்கிற அந்த ஒன்பது கேள்விப் படிவத்தில் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. அதைக் கேட்டதும் மொழிபெயர்ப்பாளர் தயங்கினார், ஐயா தயங்கவில்லை. நான் போனால் பேத்திக்கு ஒரு அறை மிஞ்சும் என்றார். ஏதாவது செய்யும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். இல்லை, அப்படிச் செய்தால் மகனுக்கு ஊரில் தலை காட்ட முடியாது என்றார். இந்தப் பதிலில் நிம்மதி அடைவதா பயப்படுவதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

இந்தத் தொழிலுக்குப் படித்தபோது வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது வேறு. ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் சாங்ஷா நகரில், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லப்பட்ட 100 பேரைப் பரிசோதித்து, அவர்களில் 87 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக 1982இல் எழுதினார். அதை எடுத்துக்கொண்டு, சீனர்கள் மனதின் நோவை உடம்பால் சொல்பவர்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இந்த ஐயா மனதால்தான் சொன்னார், அதுவும் மருமகள் வெளியே போனதுமே. கிளைன்மன் எழுதியதில் பாதியை நாங்கள் விட்டுவிடுகிறோம். மாவோ காலத்தில் மனம் சோர்ந்திருக்கிறது என்பது அரசியல் அதிருப்தியாகப் படலாம், நரம்புத் தளர்ச்சி என்றால் ஆபத்தில்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஐயாவுக்கு அந்தக் காலத்தில் இருபது, இருபத்தைந்து வயது. அப்போது வேலையிடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு, ஆள் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

ஆகவே அவர் என்னிடம் கேட்டது சிகிச்சை பற்றியல்ல. இது எழுதப்படுமா, வீட்டுக்குக் கடிதம் வருமா, மகனுக்கு இதனால் ஏதாவது வருமா? எழுதித்தான் ஆக வேண்டும், ஆனால் வீட்டுக்கு வராது என்றேன். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் விளக்க வேண்டியிருந்தது. பெற்றோரை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுபவர் 20 வருடங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறார் (2014க்கு முன் 10 வருடம்), வந்தவர் அரசின் சமூக உதவிப்பணம் எடுத்தால் மகன் திருப்பிக் கட்ட வேண்டும், வைத்தியம் அதில் சேராது. ஐயா தலையாட்டினார். நம்பினார் என்று சொல்லமாட்டேன். எங்கள் அம்மா அப்பாமாரில் பலரும் இதே கையெழுத்தில் வந்தவர்கள்தான், அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும்.

அப்புறம் நான் எடுத்த முடிவு. கோப்பில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கையில் கொடுத்த அட்டையில் மட்டும் எங்கள் மனநலப் பிரிவின் பெயரை விட்டுவிட்டு, தூக்கத்துக்கான குழு என்று எழுதினேன். பொய் இல்லை, அப்படி ஒரு குழு இருக்கிறது, அவர் அதற்கும் வந்தார். உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் மகனிடம் சொல்வேன், சட்டமும் அதற்கு இடம் தருகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளரிடமும் கதைத்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் மகன் கேட்டதை யோசித்தால் வேறொன்று தெரிகிறது. ஐயா வீட்டிலும் மறைக்கிறார், நானும் மறைத்துக் கொடுக்கிறேன், ஒரு வீட்டுக்குள் இருக்கிறவர்களில் ஒருவருக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு மற்றவர்களை வெளியே நிறுத்துகிறேன். சீனக் குடும்பங்களில் நோய் விபரம் பிள்ளைகளுக்குத் தெரியும், நோயாளிக்குச் சொல்லமாட்டார்கள் என்று கேட்டுப் பழகியவள் நான். இது தலைகீழ். மகனுக்குத் தெரிந்திருந்தால் அந்த அறைக் கதை ஒரு இரவுச் சாப்பாட்டில் தீர்ந்திருக்குமோ? இல்லை, அவர் வாயே திறக்காமல் போயிருப்பார், இன்னும் வயிற்று மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். இரண்டையும் மாறி மாறி நினைக்கிறேன். அட்டையில் நான் எழுதியது சரி என்று பகலில் தோன்றுகிறது.

மறைப்பைப் பற்றியே இவ்வளவு எழுதுகிறேன், உண்மையில் அவர் வராமல் போயிருக்கக் கூடியதற்குக் காரணம் மானமோ வெட்கமோ அல்ல, நேரம். முதலில் கொடுத்தது இரண்டரை மணி. மூன்றே காலுக்குப் பேத்தியின் பள்ளிக்கூட வாசலில் அவர் நிற்க வேண்டும், ஷெப்பர்ட் பஸ்ஸை நம்பி யாரும் அந்தக் கணக்குப் போடமாட்டார்கள். பத்து மணியாக மாற்றினோம், வந்தார். வெளியே உளவியலாளரிடம் போகலாமே என்றால் அதற்கு மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு தராது. மனநல மருத்துவருக்குத் தரும், ஆனால் தைஷான் பேச்சு தெரிந்தவரை எங்கே தேடுவது. 1982இல் தொடங்கிய, ஆசிய சமூகங்களுக்கான ஹொங் ஃபூக் மாதிரி மனநல அமைப்புகள் இருக்கிற நகரம்தான் ரொறன்ரோ, ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. காத்திருப்போர் வரிசையும் இருக்கிறது. எங்கள் இடத்தில் கன்டனீஸ் பேசுகிற ஒரே சகபணியாளரின் வரிசையில் அவர் பெயர் நின்றதால்தான் இடையில் என்னிடம் வந்தார். சாதாரணமாகச் சொன்னால் நான் ஒரு தற்காலிக ஏற்பாடு.

அந்தச் சகபணியாளர்தான் இப்போது என்னோடு சண்டை பிடிக்கிறார். முதியோருக்கான புதிய குழுவின் அறிவித்தலில் தூக்கம், செரிமானம் என்றே போடுவோம், மனம் என்ற பேச்சே வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னது நான். "நாங்கள் முப்பது வருடமாக இந்தச் சொல்லை வெளியே கொண்டுவரப் பாடுபடுகிறோம், நீ திரும்பப் பெட்டிக்குள் வைக்கிறாய்" என்றார் அவர். ஐயா வந்தாரே என்றேன். வந்தார், மகன் வரவில்லையே என்றார். அவருடைய சமூகம், அவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிடலாம், ஆனால் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தவரை நேரே கண்டவள் நான்.

ஐயாவின் முறை போன மாதம் வந்து, அந்தச் சகபணியாளரிடம் மாறிவிட்டார். அதன் பிறகு ஐயாவின் கோப்பைத் திறக்க எனக்கு உரிமையில்லை, கேட்கவுமில்லை. அறிவித்தலின் வாசகத்தை வியாழக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், இன்னும் இரண்டு வடிவமும் என் மேசையில்தான் கிடக்கின்றன.