இரு கைத் தூண்டிலுக்கு ஒரு பிளாங்க்

நவம்பர் 9

ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் மீன்பிடிப் பருவம் அக்டோபர் 15 அன்று முடிந்துவிட்டது. ஜனவரி 15 அன்று ஆறு மீண்டும் திறப்பதற்குள், இதுவரை தூண்டிலே பிடித்திராத அலுவலக நண்பருக்கு இரு கைகளால் வீசும் ஃப்ளை ராட் (செயற்கைப் பூச்சியை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்) ஒன்றைக் கட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். கைப்பிடியும் வளையங்களும் பொருத்தாத வெறும் கார்பன் தண்டான பிளாங்க்கைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை.

"பதினைந்து அடியே இருக்கட்டும் அண்ணா, அங்கே எல்லாரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்" என்றார். டே போன்ற அகன்ற ஆற்றுக்கு அந்த நீளம் பொருந்தும் என்றாலும், நாள் முழுவதும் அதைச் சுழற்றப்போவது பழகாத தோள்கள். 14 அடி, 9-ஆம் எண் (கோலுக்கு ஏற்ற லைனின் எடை வகுப்பு), நான்கு துண்டு என்று பேசி முடித்தோம்.

நவம்பர் 12

பிளாங்க்குக்கு முன்பே லைனை, அதாவது வீசுவதற்கான கனத்த தூண்டில் நூலை, முடிவு செய்தாயிற்று. கரையில் மரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் லைனைப் பின்னால் முழுதாக விரிக்க முடியாது. அதன் நுனியை நீரில் ஊன்றி, கோலுக்குப் பின்னால் ஒரு வளைவை மட்டும் உருவாக்கி, அந்த வளைவின் எடையால் கோலை வளைத்து வீசுவதே ஸ்பே வீச்சு. இருபது மீட்டர் தலை (லைனின் கனமான முன்பகுதி) கொண்ட மரபான லைனை எழுப்பத் தேர்ந்த கை வேண்டும். இவருக்குப் பன்னிரண்டு மீட்டர் அளவில், ஏறத்தாழ 36 கிராம் எடையுள்ள ஷூட்டிங் ஹெட் என்ற குட்டையான தலை போதும்.

நவம்பர் 23

ஒரே நீளமும் ஒரே எண்ணும் குறித்த இரண்டு பிளாங்க்குகள் மேசைமேல் இருக்கின்றன. ஒன்றன் அடித்தண்டைக் கிடைமட்டமாக இறுக்கி, நுனியில் ஒரு பையைக் கட்டி, தலா 7.12 கிராம் எடையுள்ள பிரிட்டிஷ் 2 பென்ஸ் நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். நுனி கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 அடி 8 அங்குலம் தாழும் வரை நாணயம் சேர்க்க வேண்டும். வில்லியம் ஹானமன் வகுத்த முறை இது. விலை கூடிய பிளாங்க் கணிசமாக அதிக நாணயங்களைக் கேட்டது, வளைவும் மேல் இரண்டு துண்டுகளோடு நின்றுவிட்டது. மற்றது கைப்பிடி வரும் இடம் வரை சீராக வளைந்தது. எண் ஒன்றாக இருந்தும் இவ்வளவு வேறுபாடு!

நவம்பர் 24

மெதுவாக வளைவதையே எடுத்துக்கொள்கிறேன். விறைப்பான கார்பன் சட்டென்று நிமிர்ந்துவிடுவதால் வீசும் கணம் மிகக் குறுகியது. அதைத் தவறவிடும் புதியவர் மேல்கையால் முரட்டுத்தனமாகத் தள்ளத் தொடங்குவார், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. தூரம் சில மீட்டர் குறைந்தால் குறையட்டும். மூட்டுகளையும் பார்த்தேன்: ஒரு துண்டின் முனையில் உள்ள செருகுமுளை அடுத்த துண்டுக்குள் நுழையும் ஸ்பிகாட் வகை, தேய்மானத்துக்கென விட்ட இடைவெளி மூன்றிலும் ஒழுங்காக இருக்கிறது.

டிசம்பர் 7

கார்க் ஒட்டியாயிற்று. நூல் சுற்றி எப்பாக்ஸி பூசும் முன், அடித்தண்டில் 9 என்ற எண்ணோடு 36 கிராம் என்றும் எழுதப்போகிறேன். லைன் வாங்கக் கடைக்குப் போகும்போது அவருக்கு உதவப்போவது இரண்டாவதுதான்.